"மூலிகைதானே, ஒன்றும் செய்யாது!" - பூனைக்காலித் தூளும் நம் பிள்ளைகளும்

கடந்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, முதலாம் பாடம் தொடங்குவதற்கு முன்னர் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பதினைந்து வயதுப் பையன். கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்து, சேர்த்து வைத்த காசில் வரவழைத்திருக்கிறான். இப்போதெல்லாம் நாரந்தனை வரைக்கும் பார்சல் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. போத்தலின் மேல் மூன்று வாக்குறுதிகள்: மனதுக்கு உற்சாகம், ஆழ்ந்த தூக்கம், இயற்கையான வளர்ச்சி ஓமோன். வகுப்பிலே கட்டையானவன் என்ற கேலி அவனுக்குப் பெரிய துன்பம். மூன்றாவது வாக்குறுதிக்காகத்தான் வாங்கியிருக்கிறான்.

"மூலிகைதானே ரீச்சர், ஒண்டும் செய்யாதுதானே?" என்று அந்தத் தாய் கேட்டார்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், லேபலைக்கூட ஒழுங்காக வாசிக்காமல், "ஓம், மூலிகைதானே, பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அந்தப் பையன் வகுப்பில் வாந்தி எடுத்தான். முகம் வெளிறி, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றான். இரவில் பயங்கரக் கனவுகள் வருகின்றன, விடிய இரண்டு மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது என்று தாய் பிறகு சொன்னார். வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "வேறு என்ன பாவிக்கிறீர்கள்?" என்பதுதான். தூளை நிறுத்தினார்கள். சில நாட்களில் அவன் தேறிவிட்டான்.

அன்றைக்கு நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னர் தேடி வாசித்து அறிந்துகொண்டதை, அதே கேள்வியைக் கேட்கும் மற்றப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

போத்தலுக்குள் என்ன இருந்தது?

லேபலில் பெரிய எழுத்தில் இருந்தது ஒரு ஆங்கில வியாபாரப் பெயர். சின்ன எழுத்தில் 'மியூக்குனா புரூரியன்ஸ்' என்று இருந்தது. அது வேறொன்றும் இல்லை, நமது பூனைக்காலி. சிங்களத்தில் வந்துரு மே என்பார்கள். பற்றைகளில் படரும் கொடி. காயின் மேல் பொன்னிற மயிர் மூடியிருக்கும். சின்ன வயதில் அதை எடுத்து அடுத்தவன் சட்டைக்குள் போட்டுவிட்டு ஓடியவர்கள் நம்மில் பலர். அந்தக் காய்க்குள் இருக்கும் விதைதான் இன்று தூளாகவும் கப்சியூலாகவும் உலகமெங்கும் விற்பனையாகிறது. சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றிலும் இந்த விதைக்கு நீண்டகாலமாக இடம் உண்டு.

இந்த விதையில் லெவோடோபா என்ற பொருள் இருக்கிறது. எல்-டோபா என்றும் சொல்வார்கள். நமது உடல் இதிலிருந்துதான் டோபமின் என்ற இரசாயனத்தைச் செய்துகொள்கிறது. டோபமினை நேராகக் குடித்தால் அது மூளைக்குள் போகாது. குருதிக்கும் மூளைக்கும் இடையில் இருக்கும் தடுப்பு அதை மறித்துவிடும். லெவோடோபாவுக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கும். உள்ளே போனபின் அது டோபமினாக மாறும். ஆகவே "இந்தத் தூள் டோபமினைக் கூட்டும்" என்று விளம்பரம் சொல்வது பொய் அல்ல. பொய்யாக இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதத் தேவையில்லை. அது உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஒரு விதையின் வரலாறு

1913 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்கஸ் குகன்ஹைம் என்ற இரசாயனவியலாளர் ஒருவகை அவரையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகத் தானே இரண்டரைக் கிராம் விழுங்கினார். விழுங்கியவர் வாந்தி எடுத்தார். எங்கள் பையனுக்கு நடந்தது நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு விஞ்ஞானிக்கும் நடந்திருக்கிறது.

1937 இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள்.

இன்னொரு மூலிகையையும் இங்கே சொல்ல வேண்டும். சர்ப்பகந்தி வேர் நமது வைத்தியங்களில் மன உளைச்சலுக்கும் பைத்தியத்துக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. டில்லியின் புகழ்பெற்ற யூனானி வைத்தியர் ஹக்கீம் அஜ்மல் கானின் தூண்டுதலால், சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற விஞ்ஞானி அந்த வேரை ஆராய்ந்தார். 1931 இல் அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்குத் தன் ஆசானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அதே வேரிலிருந்து 1952 இல் ரெசர்பின் என்ற இன்னொரு பொருளைச் சுவிட்சர்லாந்தில் பிரித்தார்கள். அது பிரஷர் மருந்தாக உலகமெங்கும் பரவியது. ஆனால் அதைப் பாவித்தவர்களில் சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள்.

காரணத்தைத் தேடியவர்களில் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் ஒருவர். 1957 இல் அவர் முயல்களுக்கு ரெசர்பின் ஏற்றினார். முயல்கள் அசையாமல் படுத்துவிட்டன. பின்னர் லெவோடோபா கொடுத்ததும் சிறிது நேரத்தில் எழுந்து ஓடின. ரெசர்பின் மூளையிலிருந்த டோபமினைக் காலியாக்கியிருந்தது, லெவோடோபா அதைத் திருப்பிக் கொடுத்தது. கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்தது. 1961 இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு முதலில் லெவோடோபா ஊசி போட்டார்கள். 1967 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ் வாய்வழியாகப் படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுத்து வெற்றி கண்டார். இன்றும் அந்த நோய்க்கு முதன்மையான மருந்து இதுதான். 1995 இல் வெளியான ஒரு ஆய்வில் இந்தியாவில் 60 நோயாளிகளுக்குப் பூனைக்காலி விதைத் தூளையே 12 வாரம் கொடுத்துப் பார்த்து முன்னேற்றம் கண்டார்கள். ஆகவே நமது முன்னோர் இந்த விதையை மருந்து என்று சொன்னது சரிதான். மருந்தைத்தான் நாம் இன்று சத்துமா என்று நினைத்துக் கரண்டியால் அள்ளுகிறோம்.

மனநிலைக்கு என்ன செய்கிறது?

டோபமினை "மகிழ்ச்சி ஓமோன்" என்று விளம்பரக்காரர் சொல்கிறார்கள். அது சரியான விளக்கம் அல்ல. ஒரு பொருளை அடைய வேண்டும் என்ற உந்துதல், அதற்காக உடலை அசைத்தல், எது பலன் தந்தது என்று நினைவில் வைத்தல், இவற்றில்தான் டோபமினின் முக்கிய பங்கு இருக்கிறது. பசித்தவனைச் சோற்றுப் பக்கம் நடக்க வைப்பது அது. சாப்பிட்டபின் வரும் திருப்தி வேறு கணக்கு.

மனச்சோர்வு என்பது டோபமின் குறைந்து போன ஒரு தொட்டி அல்ல, ஊற்றி நிரப்புவதற்கு. அதில் வேறு இரசாயனங்களும், தூக்கமும், வாழ்க்கைச் சூழலும், இழப்புகளும் சேர்ந்திருக்கின்றன. ஆரோக்கியமான ஒருவர் வெளியிலிருந்து டோபமினைக் கூட்டினால் சிலவேளை சில மணி நேரம் சுறுசுறுப்புத் தோன்றலாம். அது வடிந்ததும் எரிச்சலும் சோர்வும் வரலாம். அளவு கூடினால் பதற்றம், குழப்பம், இல்லாததைக் காணுதல், சந்தேகம் என்று போகும். லெவோடோபா பாவிக்கும் நடுக்குவாத நோயாளிகள் சிலருக்குச் சூதாட்டம், அளவில்லாத செலவு போன்ற கட்டுப்படுத்த முடியாத ஆசைகள் வருவதை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். மருந்தின் நன்மைக்காக அந்த ஆபத்தைக் கண்காணித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். நோயில்லாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஆபத்தை ஏற்க என்ன தேவை?

தூக்கத்துக்கு என்ன செய்கிறது?

பகலில் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் இரசாயனங்களில் டோபமினும் ஒன்று. "இரவில் ஒரு கரண்டி, ஆழ்ந்த தூக்கம்" என்ற வாக்குறுதி இந்த அடிப்படையோடே முட்டுகிறது. லெவோடோபாவின் அறியப்பட்ட பக்கவிளைவுகள் இரண்டு பக்கமும் இழுக்கும். சிலருக்குப் பகலில் திடீர்த் தூக்கக் கலக்கம். சிலருக்கு இரவில் தூக்கமின்மையும், நிஜம்போலத் தெரியும் கனவுகளும், பயங்கரக் கனவுகளும். மோட்டார் சைக்கிளில் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவருக்கு முதலாவது ஆபத்து. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டாவது.

வளர்ச்சி ஓமோன் கதை

இங்கேதான் விளம்பரம் கெட்டித்தனமாக ஒரு உண்மையைப் பாதியாக வெட்டி விற்கிறது. லெவோடோபா கொடுத்தால் வளர்ச்சி ஓமோன் குருதியில் கூடுகிறது என்பது 1970 அளவிலேயே நடுக்குவாத நோயாளிகளில் காணப்பட்ட உண்மை. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் கபச்சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு வைத்தியர்கள் லெவோடோபாவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சில தடவை குருதி எடுத்துப் பார்க்கும் ஒரு சோதனையும் உண்டு.

கவனியுங்கள், அது ஒரு சோதனை மட்டுமே. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு வாளி இறைத்துப் பார்ப்பது போன்றது. ஒரு வாளி இறைத்ததால் தோட்டம் நனைந்துவிடாது. லெவோடோபாவால் எழும்பும் வளர்ச்சி ஓமோன் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். குருதியில் இந்த ஓமோன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 நிமிடமே போதும். பூனைக்காலித் தூள் சாப்பிட்டு ஆரோக்கியமான பிள்ளை உயரமானதாக நிரூபணம் இல்லை.

இன்னொரு விடயம். கபச்சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஓமோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயாளிகளில், டோபமின் போல வேலை செய்யும் புரோமோகிரிப்டின் போன்ற மருந்துகள் அந்த ஓமோனைக் குறைக்கின்றன. ஒரே வழி, ஒருவருக்குக் கூட்டுகிறது, மற்றவருக்குக் குறைக்கிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுவது போல இலகுவான கணக்கு இதில் இல்லை.

உயரம் என்பது எலும்பின் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கும் வரைதான். பருவமடைதல் முடியும்போது அவை மூடிவிடும். பெண் பிள்ளைகளுக்கு முந்தியும் ஆண் பிள்ளைகளுக்குப் பிந்தியும் இது நடக்கும். மூடியபின் எந்தத் தூளாலும் எலும்பை நீட்ட முடியாது. அதற்கு முன்னர் வளர்ச்சியைத் தீர்மானிப்பவை பெற்றோரின் உயரம், உணவு, நோயின்மை, தூக்கம்.

தூக்கத்தை ஏன் சேர்க்கிறேன் என்றால், வளர்ச்சி ஓமோனின் பெரிய அலை வருவது இரவில் நாம் முதன்முதலாக ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போதுதான். இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். வளர்ச்சி ஓமோனுக்கென்று வாங்கிய தூள் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தால், இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்ததையும் காசு கொடுத்துக் கெடுக்கிறோம்.

ஒரு கரண்டிக்குள் எவ்வளவு?

பூனைக்காலி விதையில் பொதுவாக நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு லெவோடோபா இருக்கும். ஐந்து கிராம் தூளில் 200 முதல் 300 மில்லிகிராம். பார்க்கின்சன் நோயாளியின் ஒரு குளிசையில் 100 அல்லது 250 மில்லிகிராம் லெவோடோபா இருக்கிறது. ஆனால் அந்தக் குளிசையில் கார்பிடோபா என்ற துணை மருந்தும் உண்டு. அது மூளைக்கு வெளியே லெவோடோபா டோபமினாக மாறுவதைத் தடுக்கிறது. அதனால் லெவோடோபா நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் போதுமாகிறது, வாந்தியும் குறைகிறது. வெறும் தூளில் அந்தத் துணை இல்லை. பெரும்பகுதி மூளைக்குப் போகாமலே உடலில் டோபமினாக மாறி, குமட்டலையும் வாந்தியையும் பிரஷர் இறக்கத்தையும் கொண்டுவருகிறது. எங்கள் பையனின் வாந்திக்கும் தலைசுற்றுக்கும் வைத்தியர் சொன்ன விளக்கம் இதுதான்.

போத்தலில் வருவது சிலவேளை வெறும் விதைத் தூளும் அல்ல. 15 வீதம், 20 வீதம், 40 வீதம் என்று செறிவாக்கிய சாறும் விற்கப்படுகிறது. 20 வீதச் சாற்றில் அதே ஐந்து கிராமுக்குள் ஒரு முழுக் கிராம் லெவோடோபா. கரண்டி ஒன்றுதான், மருந்து நான்கைந்து மடங்கு. அமெரிக்காவில் 2022 இல் வெளியான ஒரு பரிசோதனையில், பூனைக்காலிக் கப்சியூல்களில் சிலவற்றில் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமும் சிலவற்றில் 240 மில்லிகிராம் அளவும் இருந்தன. வாங்குகிறவர் லேபலைப் பார்த்து அதை அறிய முடியாது.

நமது ஊரில் மரவள்ளிக் கிழங்கை மூடாமல் அவிக்க வேண்டும் என்று எல்லா அம்மாமாருக்கும் தெரியும். இயற்கையாக விளைந்தது என்பதற்காக அதைப் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. பூனைக்காலி விதையை உணவாகச் சாப்பிடும் ஆபிரிக்கக் கிராமங்களிலும் இப்படி ஒரு பக்குவம் உண்டு. பல தடவை அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். லெவோடோபா தண்ணீரோடு போய்விடும். 1989 இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் வறட்சியும் பஞ்சமும் வந்தது. கொட்டுவதற்குத் தண்ணீர் இல்லை. வழக்கமான பக்குவம் செய்யாமல் சாப்பிட்டார்கள். 200 பேருக்கு மேல் மனக்குழப்பமும் மாயத் தோற்றங்களும் வந்து நோயாளிகளானார்கள். அவர்கள் சாப்பிட்டது தொழிற்சாலைப் பொருள் அல்ல, தங்கள் நிலத்தில் விளைந்த விதை.

நமது வைத்தியர்களும் இதை அறிந்திருந்தார்கள். விதையைப் பாலில் அவித்து, தோலை நீக்கிச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று பார்த்துக் கொடுப்பார்கள். பார்சலில் வரும் போத்தலில் அந்த வைத்தியர் இல்லை. விதை மட்டும்தான் வருகிறது.

யார் கட்டாயம் விலக வேண்டும்?

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள்: அந்த மருந்துகளில் பல டோபமினின் வேலையைத் தடுத்து நோயை அடக்குகின்றன. தூள் அதற்கு நேர் எதிராக வேலை செய்யும். முன்பு மனநோய் வந்து சுகமானவர்களுக்கும் இது பொருந்தும்.

பார்க்கின்சன் நோயாளிகள்: ஏற்கெனவே லெவோடோபா எடுப்பவர் தூளையும் எடுத்தால் மருந்து இரட்டிப்பாகும். குளிசையை நிறுத்திவிட்டுத் தூளுக்கு மாறுவதும் ஆபத்து. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்து வரலாம்.

பிரஷர் மருந்து எடுப்பவர்கள்: பிரஷர் மேலும் இறங்கி மயங்கி விழலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒரு பழைய வகை மருந்தோடு சேர்ந்தால் மறுபுறமாகப் பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்: டோபமின் பால் சுரக்கும் ஓமோனைக் குறைக்கும்.

பிள்ளைகள்: இவர்களுக்கு இந்தத் தூள் தேவையே இல்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளை உண்மையிலேயே வயதுக்கு ஏற்ப வளரவில்லை என்று தோன்றினால், உயரத்தை அளந்து திகதியோடு குறித்து வையுங்கள். சில மாதங்களில் மீண்டும் அளந்து, குறிப்போடு வைத்தியசாலைக்குப் போங்கள். ஊர்காவற்றுறையில் காட்டினால், தேவைப்பட்டால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். உண்மையான குறைபாடு இருந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. அதற்கும் காலம் முக்கியம். தூளை நம்பிக் கழித்த ஒரு வருடம், வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு முன்னர் இருந்த ஒரு வருடம்.

மூலிகை வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் வைத்தியரிடமே போங்கள். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு பெற்றவரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்று: கப்சியூலாக இருந்தால் அதன் கூடு பெரும்பாலும் ஜெலட்டின். அது எந்த மிருகத்திலிருந்து வந்தது என்று பார்சலில் வரும் பல போத்தல்கள் சொல்வதில்லை. உணவில் ஹலால் பார்த்து வாங்கும் நாம், உள்ளே என்ன மருந்து, கூடு எதனால் ஆனது என்ற இரண்டையும் கேட்காமல் பிள்ளைக்கு விழுங்கக் கொடுக்கலாமா?

யாராவது ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருந்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கள். "வேறு மருந்து ஒன்றும் இல்லை" என்று சொல்லும்போது மூலிகையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய பிழை.

அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசியை அவனிடமிருந்து தாய் வாங்கி வைக்கிறார். பதின்ம வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். காலையில் ரியூசன் இருப்பதால் எட்டு மணி நேரமாவது கிடைக்கிறது. பின்னேரம் கரப்பந்து விளையாடுகிறான். உயரம் கூடியதா என்று நான் அளக்கவில்லை, கேலி செய்தவர்களைத்தான் கூப்பிட்டுப் பேசினேன். அதை மூன்று வாரங்களுக்கு முன்பே செய்திருந்தால் அந்தப் போத்தலுக்கே வேலை இருந்திருக்காது.

இப்போது யாராவது "மூலிகைதானே ரீச்சர்?" என்று கேட்டால், "ஓம், மூலிகைதான். அதனால்தான் வைத்தியரைக் கேளுங்கோ" என்று சொல்கிறேன்.